தனியார் சிறை: ராமநாதபுரம் கடற்கரையில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து ஊர்களில் சட்ட உதவித் தன்னார்வலராக இருக்கிறேன். ஜாமீன் மனு, வாய்தா தேதி, இலங்கையில் பிடிபட்டவருக்காக எழுத வேண்டிய விண்ணப்பம், மனு பார்க்க, அதாவது சிறையில் இருப்பவரை நேரில் சந்திக்க, போகும்போது என்ன கொண்டுபோகலாம் என்பவைதான் என்னிடம் வழக்கமாக வரும் கேள்விகள். போன மீன்பிடித் தடைக்காலத்தில் புதிதாக ஒன்று வந்தது. வெளிநாட்டில் ஒரு கம்பெனி நடத்தும் சிறையைக் காட்டும் வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சுவர், தனித்தனிக் கட்டில், தட்டில் அளந்து வைத்த சாப்பாடு. வலை பின்னிக்கொண்டிருந்த இடத்தில் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஜெயிலையும் இப்படி ஒரு கம்பெனிகிட்ட குடுத்துட்டா என்னக்கா?" என்று கேட்டார்கள். ஒரு மணி நேரம் பேசியும் தீரவில்லை. அதன்பிறகு வேறு ஊர்களிலும் இதையே கேட்டார்கள். கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

தனியார் சிறைன்னா என்ன? தண்டனையையும் கம்பெனியே குடுக்குமா?

இல்லை. தண்டனை கொடுப்பது நீதிமன்றம்தான். அதற்குப் பிறகு ஆளை வைத்திருக்கும் வேலையை அரசு ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தமாகக் கொடுத்துவிடும். சில இடங்களில் கட்டடமும் கம்பெனியுடையது. சில இடங்களில் கட்டடம் அரசுடையது, காவலர், சமையல், மருத்துவம் எல்லாம் கம்பெனியுடையது. பெரும்பாலும் ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுக்கும். அந்தப் பணத்தில் செலவு போக மிஞ்சுவது கம்பெனிக்கு லாபம்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். ஓர் ஆள் ஒரு நாள் கூடுதலாக உள்ளே இருந்தால், ஒருவருக்கு ஒரு நாள் வருமானம் கூடுகிறது. இந்தப் பக்கத்தில் நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

இது எங்க ஆரம்பிச்சது?

இன்றைக்கு நாம் பார்க்கும் வடிவம் அமெரிக்காவில் தொடங்கியது. 1983-இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனி உருவானது. 2016-இல் கோர்சிவிக் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஜியோ குரூப் என்ற இன்னொரு பெரிய கம்பெனியும் இருக்கிறது. இரண்டின் பங்குகளும் பங்குச் சந்தையில் விலைபோகின்றன. ஆஸ்திரேலியாவில் 1990-இல் குயின்ஸ்லாந்தின் போரல்லன் சிறை, இங்கிலாந்தில் 1992-இல் வுல்ட்ஸ் சிறை என்று பரவியது. நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, பிரேசில் எல்லாம் பிறகு வந்தன.

அமெரிக்காவில் எல்லாச் சிறைகளும் தனியார் கையில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கைதிகளில் சுமார் 8 சதவீதம் பேர்தான் தனியார் சிறைகளில் இருக்கிறார்கள். ஆனால் குடியேற்ற வழக்கில் பிடித்து வைக்கப்படுகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் தனியார் நடத்தும் இடங்களில்தான் இருக்கிறார்கள். அதற்குக் கீழே வருகிறேன்.

இதற்குப் பழைய வேர் ஒன்றும் உண்டு. 1865-இல் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதை ஒழித்த அரசியலமைப்புத் திருத்தத்திலேயே "குற்றத்துக்குத் தண்டனையாக" என்று ஒரு விலக்கு இருந்தது. தெற்கு மாநிலங்கள் அதைப் பிடித்துக்கொண்டு, கறுப்பின மக்களைச் சின்னச் சின்னக் காரணங்களுக்குச் சிறைக்கு அனுப்பி, அங்கிருந்து தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ரயில்பாதை வேலைக்கும் குத்தகைக்கு விட்டன. கடைசியாக அலபாமா மாநிலம் 1928-இல்தான் அதை நிறுத்தியது.

இந்தியாவுல இருக்கா?

இல்லை. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் சிறைகள் மாநிலப் பட்டியலில் வருகின்றன. நம் சிறைகளைத் தமிழ்நாடு அரசின் சிறைத்துறையே நடத்துகிறது. தமிழ்நாட்டில் கைதிகள் வேலை செய்யும் பெட்ரோல் பங்க்குகளைப் பார்த்துவிட்டு "அது தனியார்தானே" என்று ஒருவர் கேட்டார். அதுவும் சிறைத்துறை நடத்துவதுதான்.

நம்ம கவர்மெண்ட் ஜெயில் மட்டும் என்ன சொர்க்கமா? கம்பெனி வந்தா கொஞ்சம் சுத்தமாவாவது இருக்கும்ல?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மேல் எனக்குக் கோபமே வராது. என் அண்ணன் ஒரு வழக்கில் 16 மாதம் விசாரணைக் கைதியாக இருந்து, கடைசியில் விடுதலையானார். படுக்க இடம் கிடைக்க ஒரு காசு, கழிப்பறைப் பக்கத்திலிருந்து தள்ளிப் படுக்க இன்னொரு காசு என்று அம்மா தாலிச் செயினை அடகு வைத்து அனுப்பினார். அந்த 16 மாதத்தை யாரும் திருப்பித் தரவில்லை. ஆகவே அரசு சிறைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

2022-ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கைப் பாருங்கள். இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். இடம் இருந்தது 4,36,266 பேருக்கு. அதாவது 100 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர். அதைவிட முக்கியமான எண் இன்னொன்று: உள்ளே இருப்பவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கு பேரில் மூன்று பேர் குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாதவர்கள். கழிப்பறை நாறுவதற்கும் படுக்க இடமில்லாததற்கும் முதல் காரணம் இந்தக் கூட்டம்தான். கூட்டத்தைக் குறைப்பதென்றால் ஜாமீன் சீக்கிரம் கிடைக்க வேண்டும், வழக்கு நகர வேண்டும். ஆள் எண்ணிக்கைக்குக் காசு வாங்கும் கம்பெனி இதில் எதைச் செய்யும்?

சுத்தமாக இருக்குமா என்பதற்கும் நடந்ததை வைத்தே பதில் சொல்கிறேன். சிறை நடத்தும் செலவில் பெரும்பகுதி ஆட்களின் சம்பளம். லாபம் வேண்டும் என்றால் அங்கேதான் கை வைக்க முடியும்: காவலரைக் குறைப்பது, சம்பளத்தைக் குறைப்பது, பயிற்சியைக் குறைப்பது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு தனியார் சிறையில் அடிதடி ஓயாமல் நடந்ததால் கைதிகளே அதை கிளாடியேட்டர் பள்ளி, அதாவது சண்டைக்காரர்களைப் பழக்கும் கூடம், என்று அழைத்தார்கள். பணியில் இல்லாத காவலர்களை இருந்ததாகக் காட்டி ஆயிரக்கணக்கான மணி நேரத்துக்குக் கம்பெனி பொய்க்கணக்கு எழுதியிருந்தது பிறகு தெரியவந்தது. 2014-இல் மாநில அரசு அந்தச் சிறையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நம் ஊர் நூறு நாள் வேலையில் வராத ஆளுக்கு வருகை போடுவது போலத்தான். ஆனால் இங்கே அந்த வெற்றிடத்தில் ஒருவன் குத்துப்பட்டுக் கிடந்தான்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் சிறையை 2011-இல் ஜி4எஸ் என்ற கம்பெனியிடம் கொடுத்தார்கள். அரசு நடத்திக்கொண்டிருந்த ஒரு சிறை அந்நாட்டில் தனியாருக்குப் போனது அதுவே முதல்முறை. 2016 டிசம்பரில் பெரும் கலவரம். 2018-இல் தலைமை ஆய்வாளர் உள்ளே போனபோது போதைப் புகை, கரப்பான், அழுக்கு. காவலர்கள் சிலர் அறைக்குள் தங்களையே பூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே அரசு சிறையைத் தன் கையில் எடுத்தது. நியூசிலாந்தின் மவுண்ட் ஈடன் சிறையில் கைதிகளை மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் வீடியோக்கள் 2015-இல் வெளிவந்தன. அங்கும் செர்கோ கம்பெனியிடமிருந்து அரசு நிர்வாகத்தைப் பறித்தது. தென்னாப்பிரிக்காவின் மங்காவுங் சிறையில் நடந்ததைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டீர்கள். 2022 மே மாதம் ஓர் அறையில் எரிந்த பிணம் கிடந்தது, கொலைக் கைதி செத்துவிட்டதாகக் கணக்கு முடித்தார்கள். அடுத்த ஆண்டு அதே கைதி தான்சானியாவில் உயிரோடு பிடிபட்டார்.

"அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல்கிறீர்கள்" என்று நீங்கள் கேட்கலாம். 2016-இல் அமெரிக்க நீதி அமைச்சகத்தின் தலைமை ஆய்வாளர், ஒப்பந்தச் சிறைகளையும் அதே வகை அரசுச் சிறைகளையும் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார். பாதுகாப்பு தொடர்பான பெரும்பாலான வகைகளில் தலைக்குத் தலை கணக்கிட்டாலும் தனியார் இடங்களில்தான் சம்பவம் அதிகம். கள்ளத்தனமாக வந்த செல்போன்கள் மட்டுமே எட்டு மடங்கு. கனடாவின் ஒன்டாரியோவில் ஒரே அச்சில் வார்த்தது போல இரண்டு சிறைகள் கட்டி, ஒன்றை அரசும் ஒன்றைக் கம்பெனியும் நடத்தின. ஐந்து ஆண்டு பார்த்துவிட்டு 2006-இல் கம்பெனி நடத்தியதையும் அரசே எடுத்துக்கொண்டது. பாதுகாப்பு, மருத்துவம், வெளியே போனவர்கள் திரும்ப வராமல் இருப்பது எல்லாவற்றிலும் அரசு நடத்திய சிறை மேலாக இருந்தது.

செலவாவது மிச்சமாகுமா?

பார்வைக்கு ஆகும். உற்றுப் பார்த்தால் பல ஒப்பந்தங்களில் கம்பெனி உடல்நலம் உள்ள, தொந்தரவு குறைந்த கைதிகளை எடுத்துக்கொள்கிறது. நோயாளிகளும் முதியவர்களும் அரசின் தலையில். நல்ல மீனை ஒருவர் அள்ளிக்கொண்டு, கழிவை இன்னொருவர் கூடையில் தட்டிவிட்டு "என் கூடைக்கு விலை பார்த்தாயா" என்பதைப் போன்ற கணக்கு.

ஆள் குறைஞ்சா கம்பெனிக்கு நட்டம்தானே? அப்ப என்ன செய்வாங்க?

மிகச் சரியான இடத்தில் கேட்டீர்கள். நட்டம் வராமல் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வார்கள். 2011-இல் ஒஹாயோ மாநிலம் லேக் ஈரி சிறையை 7 கோடியே 27 லட்சம் டாலருக்கு மேலே சொன்ன நாஷ்வில் கம்பெனிக்கே விற்றது. 90 சதவீதம் இடம் நிரம்பியிருக்கும் கணக்கில் பணம் தருவதாக ஒப்பந்தம். மறு ஆண்டு அதே கம்பெனி 48 மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: உங்கள் சிறைகளை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம், 20 ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள், 90 சதவீதம் நிரப்பி வையுங்கள் என்று. மற்ற ஒப்பந்தங்களில் 80-இலிருந்து 100 சதவீதம் வரை இப்படி உறுதிமொழி இருக்கிறது. ஆள் குறைந்தால் காலிக் கட்டிலுக்கும் மக்கள் வரிப்பணம் போகும்.

நம் கடற்கரையில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரரைப் பாருங்கள். மீன்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் அந்த வியாபாரிக்குத்தான் மீன் போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்குத்தான் போட வேண்டும். இப்படி ஒப்பந்தம் போட்ட அரசு முன்பணம் வாங்கிய படகுக்காரரின் நிலைக்கு வந்துவிடுகிறது. குற்றம் குறைந்துவிட்டது, சின்னக் குற்றத்துக்கு ஜெயில் வேண்டாம், அபராதம் போதும் என்று சட்டத்தை மாற்ற நினைத்தாலும் கூடையை நிரப்பியாக வேண்டும்.

நீதிபதியையே வெலைக்கு வாங்கிடுவாங்களா?

எல்லா இடத்திலும் நடப்பதாகச் சொல்ல மாட்டேன். ஓர் இடத்தில் நடந்தது, அது போதும் எனக்கு. பென்சில்வேனியா மாநிலத்தின் லுசெர்ன் மாவட்டத்தில் மார்க் சியாவரெல்லா, மைக்கேல் கோனஹன் என்ற இரு நீதிபதிகள். அரசு நடத்திய சிறார் காப்பகத்தை மூடவைத்து, தனியார் காப்பகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். அந்தக் காப்பகத்தோடு தொடர்புடையவர்களிடமிருந்து இருவருக்கும் கிடைத்தது சுமார் 28 லட்சம் டாலர். துணைத் தலைமை ஆசிரியரை இணையத்தில் கேலி செய்த பெண்பிள்ளை, சின்னத் திருட்டில் சிக்கியவன் என்று பலரும் வக்கீல்கூட இல்லாமல் சில நிமிட விசாரணையில் கைவிலங்கோடு போனார்கள். 2009-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான சிறார் வழக்குகளின் தீர்ப்பை ரத்து செய்தது. 2011-இல் சியாவரெல்லாவுக்கு 28 ஆண்டும் கோனஹனுக்குப் பதினேழரை ஆண்டும் தண்டனை கிடைத்தது.

பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்த நீதிமன்றப் படிக்கட்டில் நின்று கதறியதை வீடியோவில் பார்த்தேன். மொழி புரிய வேண்டிய அவசியமே இல்லை. ரிமாண்ட் ஆன அன்றைக்கு ராமநாதபுரம் கோர்ட்டு வாசலில் நம் பெண்கள் அழும் அழுகைதான் அது.

லஞ்சம் இல்லாமலே தண்டனை நீளுமா?

நீளும். சத்தமில்லாமல் நடப்பது இதுதான் என்பதால் இதை நான் கூடுதலாகப் பயப்படுகிறேன். மிசிசிப்பி மாநிலத்தில் தனியார் சிறையில் இருந்தவர்களையும் அரசுச் சிறையில் இருந்தவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு, தனியார் சிறையில் இருந்தவர்கள் ஏறக்குறைய இரண்டிலிருந்து மூன்று மாதம் கூடுதலாக உள்ளே இருந்ததைக் கண்டது. நீதிபதி தண்டனையைக் கூட்டவில்லை. உள்ளே "ஒழுங்கு மீறினான்" என்று எழுதப்பட்ட குறிப்புகள் அதிகம், அதனால் முன்விடுதலை தள்ளிப்போனது. இத்தனைக்கும் பிறகு வெளியே வந்து திரும்பக் குற்றம் செய்வது குறையவும் இல்லை.

நம் சிறையிலும் நன்னடத்தைக்குத் தண்டனைக் குறைப்பு உண்டு. அந்தப் பதிவேட்டில் எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நம் வார்டர் கோபத்திலோ காசுக்கோ தப்பாக எழுதலாம், எழுதியும் இருக்கிறார். ஆனால் நீங்கள் இன்னும் இரண்டு மாதம் உள்ளே இருந்தால் அவர் சம்பளம் கூடாது.

குடும்பத்துக்கு என்ன பாதிப்பு?

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை மத்திய சிறைக்கு மனு பார்க்கப் போய் வருவதென்றால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அரைமணி நேரம்கூட முழுசாகக் கிடைக்காது. ஆள் இருக்கும் தூரம் ஒரு தண்டனை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கைதியை எந்த ஊரில் கட்டில் காலியோ அங்கே அனுப்பும் வழக்கம் இதை இன்னும் கூட்டுகிறது.

வாஷிங்டனில் மார்த்தா ரைட் என்ற பார்வையற்ற பாட்டி இருந்தார், ஓய்வுபெற்ற செவிலியர். பேரன் சிறையில். ஊருக்கு ஊர் மாற்றினார்கள், நேரில் போக முடியாது, போனில் பேச வேண்டும். அந்தப் போனையும் ஒரு கம்பெனி நடத்தியது. கட்டணத்தில் ஒரு பங்கு சிறைக்கும் போகும். மருந்துக் காசை எடுத்துப் போனுக்குக் கொடுக்க வேண்டிய நிலை. 2000-இல் மற்றவர்களோடு சேர்ந்து வழக்குப் போட்டார். தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு மனுவுக்கு மேல் மனு போட்டார். 2015-இல் இறந்துபோனார். அவர் பெயரில் கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2023 ஜனவரியில் கையெழுத்தானது. 23 ஆண்டுகள். அந்தப் பாட்டியை நினைத்தால் மனுக்கட்டோடு கலெக்டர் ஆபீஸில் திங்கள்தோறும் உட்கார்ந்திருக்கும் நம் ஆச்சிமார்கள்தான் கண்முன் வருகிறார்கள்.

எங்க சனம் ஆஸ்திரேலியாவுக்குப் படகுல போச்சு. அங்க அடைச்சு வச்சதும் கம்பெனிதானா? (மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து)

ஆமாம். ஆஸ்திரேலியாவில் குடியேற்றத் தடுப்பு மையங்களை 2009-இலிருந்து நெடுங்காலம் செர்கோ கம்பெனி நடத்தியது. மேலே மவுண்ட் ஈடனில் பார்த்த அதே கம்பெனி. குயின்ஸ்லாந்தின் பிலோயிலா என்ற சின்ன ஊரில் வாழ்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்தை உங்களுக்குத் தெரியும். 2018 மார்ச்சில் அதிகாலையில் வந்து பிடித்தார்கள். அங்கேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். முதலில் மெல்போர்ன், பிறகு கிறிஸ்துமஸ் தீவு. சின்னக் குழந்தைக்கு உடம்பு முடியாமல் 2021-இல் பெர்த்துக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். ஊர் மக்கள் நான்கு ஆண்டு விடாமல் குரல் கொடுத்து, ஆட்சி மாறி, 2022 ஜூனில்தான் வீடு திரும்பினார்கள். அடைக்கச் சொன்னது அரசுதான், அதில் கம்பெனியை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. ஆனால் அடைத்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இருக்கும்போது, அடைப்பது அரசுக்கு எவ்வளவு சுலபமாகிவிடுகிறது என்பதைப் பாருங்கள். கட்டடமும் ஆளும் தயார், கையெழுத்துப் போட்டால் போதும்.

குடியேற்றத் தடுப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் குற்றத் தண்டனை பெற்றவர்கள் அல்ல, அந்த நாட்டில் ஓட்டு இல்லாதவர்கள், மொழி தெரியாதவர்கள். அமெரிக்காவில் அரசு மாறும்போதெல்லாம் தனியார் சிறைக் கொள்கையும் மாறியது. 2016-இல் மத்திய அரசு குறைக்கச் சொன்னது, 2017-இல் அது ரத்து, 2021-இல் மறுபடி தடை, 2025-இல் அதுவும் ரத்து. 2021 தடையிலும் குடியேற்ற மையங்களைத் தொடவில்லை. கேட்பதற்கு நாதியற்றவர்கள் இருக்கும் இடம் கடைசிவரை கம்பெனி கையில் நிற்கிறது. மண்டபம் முகாமில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான கதையாகத் தோன்றாது.

நம்ம மீனவர்களை இலங்கையில வச்சிருக்கிறது?

அவை அரசுச் சிறைகள்: யாழ்ப்பாணம், வவுனியா, வெலிக்கடை. தனியாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தூதரகம் வழியாகப் பார்க்கவும் முறையிடவும் வழி இருக்கிறது. அது மெதுவாக நடக்கிறது என்பது வேறு வருத்தம்.

நம்ம மண்ணுல இப்படி ஏதாவது முன்னாடி நடந்திருக்கா?

முதுகுளத்தூர்ப் பக்கப் பெரியவர் ஒருவர் கேட்டார், பதிலையும் பாதி அவரே சொன்னார்: ரேகைச் சட்டம். பிறந்த சாதிக்காகவே ஆண்களைக் கைரேகை வைக்கச் சொல்லி, இரவில் கச்சேரியில் (காவல் நிலையத்தில்) படுக்க வைத்த குற்றப் பரம்பரைச் சட்டம். அந்தச் சட்டத்தின்கீழ் மக்களைக் குடியமர்த்திய சில முகாம்களை வெள்ளை அரசு தானே நடத்தாமல் வெளியாரிடம் ஒப்படைத்தது. அன்றைய சென்னை மாகாணத்தில், இன்றைய ஆந்திராவில் உள்ள ஸ்டூவர்ட்புரத்தைச் சால்வேஷன் ஆர்மி நடத்தியது. லாபத்துக்கு வந்தவர்கள் அல்ல, சீர்திருத்த வந்தவர்கள். ஆனாலும் முகாமை விட்டு வெளியே போக ஒருவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது, அந்தச் சீட்டைத் தருவது அரசு அதிகாரி அல்லாத ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947-இல் அந்தச் சட்டம் நீங்கியது. பெரியவரின் அப்பாவுக்கு அதற்குப் பிறகும் இரவில் வெளியே போகும்போது திரும்பிப் பார்க்கும் பழக்கம் போகவில்லையாம்.

கோர்ட்டு எதுவும் இதைத் தப்புன்னு சொல்லியிருக்கா?

இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004-இல் அங்கே தனியார் சிறைக்குச் சட்டம் போட்டு, பீர்ஷேபா பக்கம் கட்டடமும் எழுப்பிவிட்டார்கள். 2009 நவம்பரில் தலைமை நீதிபதி டோரிட் பெய்னிஷ் தலைமையிலான அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அந்தச் சிறையில் கொடுமை நடந்ததா என்று அவர்கள் பார்க்கவே இல்லை, அது திறக்கப்படவும் இல்லை. ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்கும் அதிகாரத்தை லாபம் தேடும் கம்பெனியிடம் கொடுப்பதே அவன் சுதந்திரத்துக்கும் மானத்துக்கும் இழுக்கு என்றார்கள். நன்றாக நடத்தினாலும் தவறு. நான் ஒப்புக்கொள்ளும் தீர்ப்பு இது.

நம் நாட்டில் இதே கேள்வி வரவில்லை. ஆனால் 2011-இல் நந்தினி சுந்தர் வழக்கில், சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களுக்குத் துப்பாக்கி கொடுத்துச் சிறப்புக் காவலர்களாக்கியதை உச்ச நீதிமன்றம் தடுத்தது. மக்களைக் காக்கும் பொறுப்பை அரசு இப்படிக் கைகழுவ முடியாது என்பது அதன் சாரம். நாளைக்குத் தனியார் சிறை என்று ஒரு மசோதா வந்தால் வக்கீல்கள் முதலில் கையில் எடுப்பது அதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நல்லா நடந்த தனியார் சிறையே கிடையாதா?

உண்டு. இங்கிலாந்தில் சில தனியார் சிறைகளில் காவலர்கள் கைதிகளை மரியாதையாக நடத்தினார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆக்லாந்தில் 2015-இல் திறந்த ஒரு சிறையின் ஒப்பந்தத்தில், வெளியே போனவர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைந்தால் கம்பெனிக்கு ஊக்கத்தொகை என்று வைத்தார்கள். கட்டிலுக்குக் காசு என்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அப்படி ஒப்பந்தம் எழுதி, எழுதியபடி நடக்கிறதா என்று ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கத் தெரிந்த அரசுக்கு, தன் சிறையைத் தானே ஒழுங்காக நடத்தத் தெரியாதா? இதற்கு எனக்கு யாரும் பதில் சொன்னதில்லை.

கம்பெனி தப்பு பண்ணினா கேஸ் போட முடியாதா?

போடலாம். தப்பு நடந்ததை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்பதுதான் சிக்கல். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்து, மாஜிஸ்திரேட்டைக் காவல் நிலையத்துக்குள்ளேயே அனுப்பி ஆவணங்களைக் கேட்கச் சொன்னது. அரசு இடத்தில் அப்படி ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறக்க எவ்வளவு தள்ள வேண்டியிருந்தது என்பதையும் நாம் பார்த்தோம். தகவல் உரிமைச் சட்டத்திலேயே வணிக ரகசியத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது. எத்தனை காவலர் பணியில் இருந்தார்கள், சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டால் கம்பெனி அதைக் காட்டி மறுக்கும். அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டம் தனியார் சிறைக் கம்பெனிகளை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை.

இங்க வந்துடுமா?

சிறைக்கு மொத்தமாகப் பலகை மாட்டிக்கொண்டு வராது என்பது என் கணிப்பு. சின்ன வாசல்கள் வழியாக வரும். 2023-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டத்தில், விடுப்பில் வெளியே போகும் கைதிக்குக் கண்காணிப்புக் கருவி மாட்டும் யோசனை இருக்கிறது. அமெரிக்காவில் கால் வளையம் மாட்டுவதே பெரிய வியாபாரம். ஜியோ குரூப் 2011-இல் அதற்கென்றே ஒரு கம்பெனியை வாங்கியது. சில இடங்களில் வளையத்துக்கான தினக் கட்டணத்தையே அதை மாட்டியவர் கட்ட வேண்டும். நல்லவேளையாக, ஜாமீனில் போனவர் இருக்கும் இடத்தை கூகுள் மேப்பில் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2024 ஜூலையில் நம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கருவி, போன், கேண்டீன், மருத்துவம் என எதற்கு டெண்டர் விட்டாலும், கைதியின் தலைக்கும் நாளுக்கும் காசு கணக்கிடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்க பையன் இப்ப உள்ள இருக்கான். இதெல்லாம் படிச்சு நாங்க என்ன செய்ய, அக்கா?

உங்கள் பையனின் ஒரு நாளைக் குறைக்கப் பாருங்கள். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முன்பு தண்டனையே பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டால் அவரைப் பிணையில் விடுவிக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய வழக்குகளுக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் சிக்கல். அந்தக் காலம் முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. அவர் எழுதும்வரை காத்திருக்காமல் நீங்களும் கேளுங்கள். பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. என் அண்ணன் உள்ளே இருந்தபோது இருந்த பழைய சட்டத்திலும் பாதிக் காலத்துக்கு இப்படி ஒரு பிரிவு இருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் இலவசச் சட்ட உதவி உங்கள் உரிமை. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், ராமநாதபுரம் கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம். போகும்போது எஃப்ஐஆர் நகல், ரிமாண்ட் ஆன தேதி, போட்டிருக்கும் பிரிவுகள், கடைசி வாய்தா தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தேதி தெரியாவிட்டால் பரவாயில்லை, பையனை முதன்முதலில் எந்த வாரம் மனு பார்த்தீர்கள் என்று நினைவுபடுத்திச் சொன்னாலும் அதிலிருந்து கணக்குப் போட்டுவிடலாம்.